பெரிய பவளத் தொட்டி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், வீட்டில் கடல்நீரில் கோரல் (பவளம்) வளர்க்க மூன்றடித் தொட்டியை இரண்டு வருடம் ஓட்டிவிட்டு ஐந்தடி, ஆறடிக்குப் போகிறவர்களுடையவை. நல்ல விஷயம்தான், தண்ணீர் கூடக் கூடத் தொட்டி நம் தவறுகளைத் தாங்கும். ஆனால் எழுதும்போது தொட்டியின் அளவு, உப்பு, வெப்பநிலை மூன்றையும் எழுதுங்கள். "கோரல் சுருங்குது, என்ன செய்ய?" என்று ஒற்றை வரியில் நாலு பேர் கேட்டிருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு நான் எந்தப் பதிலும் சொல்ல முடியாது.

மூன்றாவது மாடி ஃபிளாட். 5×2×2 அடித் தொட்டியைத் தளம் தாங்குமா? கடைக்காரர் தாங்கும் என்கிறார். (வேளச்சேரி)

கடைக்காரர் உங்கள் தளத்தைப் பார்த்தாரா? கணக்கைப் போடுங்கள். 20 கன அடி, அதாவது சுமார் 560 லிட்டர். உப்புத் தண்ணீர் என்பதால் 575 கிலோ. 12 மி.மீ. கண்ணாடி மட்டுமே நூறு கிலோ சொச்சம் வரும், அப்புறம் ஸ்டாண்ட், பாறை, கீழே தண்ணீரோடு சம்ப் (வடிகட்டியும் பம்பும் இருக்கும் கீழ்த்தொட்டி), எல்லாம் சேர்ந்தால் ஒரு டன்னை நெருங்கும். அத்தனையும் நிற்பது பத்து சதுர அடியில். வீட்டுத் தளத்துக்குச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் சுமை சதுர மீட்டருக்கு 200 கிலோதான். அது தளம் முழுக்கப் பரவும் சுமைக்கான கணக்கு, அதனால் வைத்தவுடன் இடிந்துவிடும் என்று சொல்லவில்லை. பீம் ஓடும் சுவரை ஒட்டி வைத்தால் பெரும்பாலும் பிரச்சினை இருக்காது, நடு ஹாலில் தடுப்புச் சுவர் மாதிரி வைப்பதுதான் ஆபத்து. கட்டட வரைபடத்தை ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் காட்டி அவர் வாயால் கேட்டுக்கொண்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

கரண்ட் போகும்போதெல்லாம் சம்ப் வழிந்து தரை நனைகிறது. பெரிய சம்ப் வாங்க வேண்டுமா? (மதுரை)

முதலில், சம்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் குழாயின் வாய் தண்ணீருக்கு எத்தனை அங்குலம் கீழே இருக்கிறது என்று பாருங்கள். பம்ப் நின்றவுடன் அந்தக் குழாயே சைஃபன் ஆகித் தண்ணீரைக் கீழே இழுக்கும். ஐந்தடிக்கு இரண்டடி பரப்பில் ஒரு அங்குலம் என்றால் 23, 24 லிட்டர். வாய் இரண்டு அங்குலம் மூழ்கியிருந்தால் ஏறக்குறைய 50 லிட்டர், ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் குழாயிலும் இருப்பதைச் சேர்த்தால் 60. சம்ப் ஓடும்போது அவ்வளவு இடம் காலியாக இருக்க வேண்டும். வாயை மேற்பரப்புக்கு உயர்த்தினாலே பாதிப் பிரச்சினை தீரும். செக் வால்வை (தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வு) மட்டும் நம்பாதீர்கள், ஒரு சின்ன நத்தை சிக்கினால் போதும், அது மூடாது. நான் மாதா மாதம் எழுதுவதுதான்: தொட்டியில் ஒரு மீன்கூட விடும் முன் மெயினை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் நின்று பாருங்கள். திரும்பப் போட்டும் பாருங்கள். அதோடு 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாத லைனில் எதையும் மாட்டாதீர்கள், இது உயிர் சம்பந்தப்பட்டது.

சமையலறை ஆர்ஓ தண்ணீர் போதுமா? டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் அளவு) 70 காட்டுகிறது. (ஆவடி)

போதாது. பின்னால் டிஐ ரெசின் (மிச்சம் கரைந்திருப்பதையும் பிடிக்கும் வடிகட்டி) சேர்த்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். அந்த 70 என்னவென்று மீட்டர் சொல்லாது, சிலிகேட்டோ செம்போ எதுவாகவும் இருக்கலாம்.

சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) விலை பயமுறுத்துகிறது. ஃபேன் வைத்துச் சமாளிக்கலாமா? (கோவை)

கோவையின் வறண்ட காற்றில் தண்ணீர்மேல் வீசும் ஃபேன் இரண்டு மூன்று டிகிரி குறைக்கும், சென்னைப் புழுக்கத்தில் அதுவும் கிடைக்காது. 26 டிகிரிக்குப் பழகிய கோரல் 30-இல் நாலு நாள் நின்றால் வெளுக்க ஆரம்பிக்கும். ஐந்தடித் தொட்டிக்கு சில்லரை முதல் செலவில் சேர்த்துவிடுங்கள், அரை ஹெச்பிக்குக் குறையாமல். பணம் பத்தவில்லை என்றால் தொட்டியைச் சின்னதாக்குங்கள், சில்லரைத் தள்ளிப்போடாதீர்கள். அதை ஸ்டாண்டுக்குள் வைத்து மூடாமல் பால்கனியில் வையுங்கள், அது கக்கும் சூடு அறைக்குள்ளேயே சுற்றினால் என்ன பயன்? இன்வெர்ட்டரில் சில்லர் வேண்டாம், ஒரு வேவ்மேக்கரை (தொட்டித் தண்ணீரைச் சுழற்றும் சின்ன பம்ப்) மட்டும் மாட்டுங்கள். கரண்ட் போனால் முதலில் தீர்வது ஆக்சிஜன்தான்.

ராமேஸ்வரம் பக்கம் தெரிந்தவர் ஒருவர் கோரல் ஒட்டிய லைவ் ராக் (உயிர்கள் ஒட்டியிருக்கும் கடல் பாறை) கிலோ கணக்கில் தருகிறேன் என்கிறார். ரயிலில் எடுத்து வர எப்படி பேக் செய்வது? (திருச்சி)

எடுத்து வராதீர்கள். மாதம் ஒருவராவது இதைக் கேட்கிறீர்கள், ஒவ்வொரு முறையும் எனக்கு மனசு கனக்கிறது.

சட்டத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். பாறை கட்டும் பவளங்கள் எல்லாம் 2001 முதல் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கின்றன. புலி இருக்கும் பட்டியல் அது. கடல் விசிறி, கடல்குதிரை, கடல் அட்டை எல்லாமே பாதுகாக்கப்பட்டவை. செத்த பவளத்தின் வெள்ளைக் கொம்பை ஷோகேஸில் வைத்தாலும் குற்றம்தான். "கரையில் ஒதுங்கியது சார்" என்ற பதில் செல்லாது.

சட்டத்தை விடுங்கள், அந்தக் கடலை நினைத்துப் பாருங்கள். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே இருந்த 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அதற்கு முன்பும் பின்பும் பல ஆண்டுகள் பவளத்தை உடைத்து வண்டி வண்டியாகச் சுண்ணாம்புக்கு ஏற்றினார்கள். பவளம் போனதும் அலையைத் தடுக்க ஆளில்லை. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று தண்ணீருக்கடியில். வான் தீவு கரைந்துகொண்டே போய், அதன் முன்னால் செயற்கைப் பாறைகளை இறக்கிக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. இதற்கு நடுவில் 2010-லும் 2016-லும் கடல் சூடாகிப் பவளங்கள் வெளுத்தன. மிஞ்சியதில் ஒரு தலை அளவு போரைட்டஸ் என்ற பவளம் வளரப் பத்துப் பதினைந்து வருடம் ஆகியிருக்கும். அதை உளியால் பெயர்த்து, ஈரத் துணியில் சுற்றி, நீங்கள் திருச்சியில் இறக்கும்போது பாதி செத்திருக்கும். மீதியும் அழுகி உங்கள் தொட்டி முழுக்க அம்மோனியா ஆகும்.

என்ன செய்யலாம் என்றால், செராமிக் பாறையோ சிமென்ட்டில் செய்த பாறையோ வாங்குங்கள். பாட்டில் பாக்டீரியா ஊற்றி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் ஆகும்வரை நாலு முதல் ஆறு வாரம் விடுங்கள். பழுப்பும் பச்சையுமாகப் பாசி பிடிக்கும், மூன்று நாலு மாதம் அசிங்கமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் யாராவது வீட்டில் வளர்த்து வெட்டித் தரும் மஷ்ரூம், லெதர், ஸோவாந்தஸ் வகைக் கோரல் துண்டுகளில் ஆரம்பியுங்கள். கடலில் இருந்து எடுத்ததை யார் விற்றாலும், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், வாங்காதீர்கள்.

அக்ரோபோரா கோரலின் நுனிகள் வெளுக்கின்றன. ஆல்க் (தண்ணீரின் காரத்தன்மை) காலையில் 7, இரவில் 9.5. தினமும் மாலை ஆல்க் கரைசலை ஒரே தடவையாக டோஸ் செய்கிறேன். (சிங்கப்பூர்)

அளவுகளோடு எழுதியதற்கு நன்றி. பதில் உங்கள் கடைசி வாக்கியத்திலேயே இருக்கிறது, ஒரே தடவையாக ஊற்றுவதால்தான் ஆல்க் இப்படி ஏறி இறங்குகிறது. டோசிங் பம்ப் வைத்து அதே அளவை 24 பங்காகப் பிரித்து மணிக்கொரு தடவை விடுங்கள். எட்டோ எட்டரையோ, ஏதாவது ஒரு எண்ணில் நிற்கட்டும், எந்த எண் என்பது அவ்வளவு முக்கியமில்லை. தினமும் ஒரே நேரத்தில் டெஸ்ட் செய்யுங்கள். நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் பூஜ்யமாக இருந்தால் அதுவும் நுனியை எரிக்கும், நைட்ரேட் ஐந்து இருக்கலாம். கால்சியம் 420, மெக்னீசியம் 1300 பக்கம் இருந்தால் அவற்றைத் தொடவே வேண்டாம்.

கால்சியத்துக்கு வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றலாமா? (தஞ்சாவூர்)

வேண்டாம். அதில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது. சுத்தமான கால்சியம் ஹைட்ராக்சைடு வாங்கிக் கரைத்து, மேலே தெளிந்த நீரை மட்டும் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அதன் பிஎச் 12-க்கு மேல், மொத்தமாகக் கொட்டினால் தொட்டி போய்விடும்.

நாலடித் தொட்டியில் ப்ளூ டாங் மீன் விடலாமா? (சேலம்)

கூடாது. ஆறடி வேண்டும்.

மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய். செம்பு மருந்தைத் தொட்டியிலேயே போடலாமா? (ஈரோடு)

போட்டால் கோரலும் இறாலும் நத்தையும் சாகும், பாறையும் செம்பைக் குடித்து வைத்துக்கொள்ளும். மீன்களைத் தனித் தொட்டிக்கு மாற்றி அங்கே வைத்தியம் செய்யுங்கள்.

ஸோவாந்தஸ் படர்ந்து பாறையை மூடிவிட்டது. பாறையை எடுத்துக் கொதிக்க வைத்தால் போய்விடுமா? (கொழும்பு)

செய்யவே செய்யாதீர்கள். ஸோவாந்தஸ், பாலிதோவா வகைகள் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கடும் விஷம் உண்டு. கொதிக்க வைத்த ஆவியை மூச்சில் இழுத்துக் குடும்பத்தோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். பாறையைப் பிரஷ் போட்டு, வெந்நீர் ஊற்றித் தேய்க்கவும் வேண்டாம். கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, அந்தப் பாறையை முழுசாக வேறு வாளிக்கு மாற்றிவிடுங்கள். ஏற்கெனவே செய்துவிட்டு, காய்ச்சல், நெஞ்சு இறுக்கம், வாயில் உலோகச் சுவை எது இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள், அங்கே டாக்டரிடம் பாலிடாக்ஸின் என்ற பெயரைச் சொல்லுங்கள்.