போலிச் சரக்கு: வக்கீலிடம் கேட்டவை

எங்கள் மஞ்சள் தூள் பாக்கெட்டை அப்படியே காப்பியடித்து ஈரோடு பக்கம் விற்கிறார்கள் சார். உடனே நோட்டீஸ் விடலாமா?

பொறுங்கள். நோட்டீஸ் கைக்குக் கிடைத்த அன்று ராத்திரியே குடோன் காலியாகிவிடும். முதலில் தெரிந்தவர் யாரையாவது விட்டு இரண்டு மூன்று கடைகளில் பில்லோடு பாக்கெட் வாங்குங்கள். பில் தராவிட்டால் ஜிபேயில் பணம் கட்டிய பதிவாவது இருக்கட்டும். அப்புறம் வணிக நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, எதிர்த்தரப்புக்குத் தெரியும் முன்பே இடைக்காலத் தடையும், நீதிமன்றம் சார்பில் நேரில் போய்ப் பார்க்க ஒரு வக்கீல் கமிஷனரும் கேளுங்கள். கமிஷனர் குடோனுக்கே போய்ச் சரக்கைக் கணக்கெடுத்து சீல் வைப்பார்.

தாமதம் மட்டும் வேண்டாம். இடைக்காலத் தடைபோன்ற அவசர நிவாரணம் கேட்காத வணிக வழக்கு முதலில் சமரசத்துக்குப் போயாக வேண்டும்; அது கட்டாயம் என்று 2022ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஒரு வருஷம் சும்மா இருந்துவிட்டு ‘அவசரம்’ என்று போய் நின்றால் யார் நம்புவார்கள்?

நேராக போலீஸுக்குப் போனால் என்ன?

போகலாம். 1999ஆம் ஆண்டு வணிகக்குறி (டிரேட்மார்க்) சட்டப்படி 6 மாதம் முதல் 3 வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆனால் அந்தச் சட்டத்தில் வாரண்ட் இல்லாமல் சோதனை போட டிஎஸ்பிக்குக் குறையாத அதிகாரி வேண்டும். அவரும் முதலில் வணிகக்குறிப் பதிவாளரின் கருத்தைக் கேட்டாக வேண்டும்.

பலருக்குத் தெரியாத இன்னொரு வழி உண்டு. உங்கள் லேபிள் டிசைன் ஒரு கலைப்படைப்பு. அதைத் திருடினால் பதிப்புரிமைச் சட்டம் பாயும். அங்கே சப்-இன்ஸ்பெக்டரே வாரண்ட் இல்லாமல் பறிமுதல் செய்யலாம். ஒரு சிக்கல்: லேபிளை வரைந்தவர் சிவகாசி அச்சகத்து டிசைனர் என்றால், உரிமையை அவரிடமோ அச்சகத்திடமோ எழுதி வாங்கினீர்களா? இல்லையென்றால் இன்றைக்கே வாங்குங்கள்.

12 வருஷமாக ஊறுகாய் விற்கிறோம். பெயரைப் பதிவு செய்யவில்லை. இனி ஒன்றும் முடியாதா அண்ணா?

முடியும். தன் சரக்கை உங்கள் சரக்குபோல் காட்டி விற்கிறார் என்று, அதாவது ‘பாஸிங் ஆஃப்’ என்று வழக்குப் போடலாம். ஆனால் அந்தப் பெயருக்குச் சந்தையில் நற்பெயர் இருப்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். பழைய பில் புத்தகம், விளம்பர நோட்டீஸ், ஜிஎஸ்டி கணக்கு எதையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். காப்பியடித்தவர் முந்திக்கொண்டு பதிவே செய்திருந்தாலும், அவருக்கு முன்பிருந்தே தொடர்ந்து விற்றுவருபவரை அதை வைத்துத் தடுக்க முடியாது.

பதிவுக்கும் இப்போதே விண்ணப்பியுங்கள். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு (சரக்கு வகைக்கு) 4,500 ரூபாய். பதிவு கிடைக்கும்வரை வட்டத்துக்குள் ‘ஆர்’ (பதிவானது என்ற குறி) போடாதீர்கள், அது சட்டவிரோதம். ‘டிஎம்’ (டிரேட்மார்க்கின் சுருக்கம்) போடலாம்.

போலி வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிறது.

2007ஆம் ஆண்டு விதிகளின்படி உங்கள் வணிகக்குறியைச் சுங்கத்துறையில் பதிந்து வையுங்கள். சந்தேகம் வந்தால் துறைமுகத்திலேயே சரக்கை நிறுத்துவார்கள்.

காப்பியடித்தவர் மன்னிப்புக் கேட்டு, “இனி செய்ய மாட்டேன்” என்று எழுதித் தருகிறார். வழக்கை வாபஸ் வாங்கிவிடலாமா சார்?

வெறும் கடிதத்தை நம்பி வாபஸ் வாங்காதீர்கள். அவர் சொல்வதை நீதிமன்றத்தில் பதிவு செய்து, அதன்படி தீர்ப்பாணை வாங்குங்கள். மீறினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. மீதிப் பாக்கெட்டுகளோடு, பாக்கெட் அச்சடித்த சிலிண்டரையும் (அச்சு உருளையையும்) கேட்டு வாங்கி உங்கள் கண் முன்னாலேயே அழியுங்கள்.