மகிழ்ச்சி: கிரேக்கர் சொன்னதும் புத்தர் சொன்னதும் (கேள்வி பதில்)

கேள்வி: அரிஸ்டாட்டில், புத்தர் இருவருமே ஒழுக்கமாக வாழச் சொல்கிறார்கள். அப்புறம் என்ன வித்தியாசம்?

பதில்: விதிக்கு எவ்வளவு இடம் கொடுக்கிறார்கள் என்பதில்தான். அரிஸ்டாட்டிலுக்கு மகிழ்ச்சி ஒரு மனநிலை அல்ல. நற்பண்போடு செயல்பட்டு வாழ்ந்த முழு வாழ்க்கை. அதற்கு ஓரளவு வசதி, நண்பர்கள், நல்ல பிள்ளைகள் எல்லாம் வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்கிறார். டிராய் மன்னன் பிரியாம் என்பவனை உதாரணம் காட்டுகிறார். செல்வாக்கோடு வாழ்ந்தவன் தள்ளாத வயதில் பிள்ளைகளைப் போரில் பறிகொடுத்தான். மகன் ஹெக்டரின் உடலைக் கேட்டுப் போய், கொன்றவன் கையையே முத்தமிட்டான் என்று கிரேக்கக் கவி ஹோமர் பாடுகிறார். இப்படி ஒரு கதிக்கு ஆளானவனை மகிழ்ச்சியானவன் என்று யாரும் சொல்லமாட்டார்கள் என்பது அரிஸ்டாட்டிலின் முடிவு.

புத்தர் இதை ஒத்துக்கொள்ளமாட்டார். இழப்பு யாருக்கும் வரும், பற்று நீங்கிய மனத்தை அது குலைக்காது என்பார். அரிஸ்டாட்டிலின் நேர்மை எனக்குப் பிடிக்கும். ஆனால் பிரியாம் எதிரே வந்து நின்றால் சொல்ல அரிஸ்டாட்டிலிடம் அதிகம் இல்லை, புத்தரிடம் இருக்கிறது.

கேள்வி: கிரேக்கத் தத்துவஞானி எபிகூரஸ் ‘தின்று குடித்து அனுபவி’ என்றவர்தானே?

பதில்: அது எதிராளிகள் பரப்பியது. ரொட்டியும் தண்ணீரும் போதும் என்றவர் அவர். விருந்து சாப்பிடத் தோன்றினால் ஆகட்டும் என்று நண்பரிடம் ஒரு சின்னப் பானை பாலாடைக்கட்டி கேட்டு எழுதியிருக்கிறார்.

கேள்வி: எனக்குப் பல வருடமாக மூட்டுவலி. வலிக்கும்போது இந்தத் தத்துவமெல்லாம் உதவுமா ஐயா?

பதில்: மருந்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். எபிகூரஸ் கி.மு. 270-இல், சிறுநீர் அடைத்துக் கடும் வேதனையோடு இறந்தார். கடைசி நாளில் எழுதிய கடிதத்தில், இதற்குமேல் வலி கூட முடியாது, ஆனாலும் நாம் பேசிய பேச்சுகளை நினைத்து மகிழ்கிறேன் என்கிறார். இறந்த நண்பரின் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளும்படியும் கேட்கிறார். வலிக்கு எதிரே ஓர் இன்பத்தை நிறுத்துவது அவர் வழி.

புத்தர் இரண்டு அம்புகளைப் பற்றிப் பேசுகிறார். உடல்வலி முதல் அம்பு. ‘எனக்கேன் இப்படி’ என்று புலம்புவது இரண்டாவது. அதை எய்துகொள்வது நாமேதான். முதல் அம்பு அவரையும் விடவில்லை. முதுகு வலிக்கிறது, நீ பேசு என்று சீடர் சாரிபுத்தரிடம் சொல்லிவிட்டு அவர் படுத்துக்கொண்ட செய்தி பாலி நூல்களில் இருக்கிறது. வலி நாள்பட்டது என்றால் எனக்கு இந்த வழிதான் சரியாகப் படுகிறது. நல்ல நினைவுகள் எப்போதும் கைகொடுப்பதில்லை.

கேள்வி: வீட்டுக்கடன், இரண்டு பிள்ளைகள். புத்தர் துறவிகளுக்கு மட்டும்தானா?

பதில்: இல்லை. சாவத்தி நகரத்து வணிகர் அனாதபிண்டிகருக்கு அவர் சொன்னதைப் பாருங்கள். நேர்வழியில் சேர்த்த பொருள் இருப்பது, அதைத் தானும் அனுபவித்து அறமும் செய்வது, கடன் இல்லாதிருப்பது, குற்றமற்று வாழ்வது: இல்லறத்தானுக்கு இந்த நான்கும் இன்பம். முதல் மூன்றும் சேர்ந்தாலும் நான்காவதில் வீசம்கூடப் பெறாதாம். கடன் அடையும்வரை அந்த நான்காவதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

கேள்வி: இரு தரப்பும் நேரில் பேசியதுண்டா?

பதில்: அலெக்சாந்தரோடு இந்தியா வந்த கிரேக்கத் தத்துவஞானி பிரோ இங்கே துறவிகளைச் சந்தித்தார், அவர்கள் பௌத்தர்கள்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. மிலிந்த பன்ஹா என்ற பௌத்த நூலில், கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் ஆண்ட கிரேக்க மன்னர் மினாந்தர் பிக்கு நாகசேனரைக் கேள்விகளால் துளைக்கிறார். இனி மறுபிறப்பு இல்லை என்ற நிலையை அடைந்தவருக்கு வலி தெரியுமா என்பதும் அதில் ஒன்று. உடல்வலி உண்டு, மனவலி இல்லை என்கிறார் நாகசேனர்.