300 கெல்வினில் ஒரு தடுப்பூசி

அன்புள்ள ஐயா,

முதுகலை ஆய்வுக்காக நான்கு வகை டெங்குவுக்கும் பொதுவான ஒரு தடுப்பூசியைக் கணினியில் வடிவமைத்திருக்கிறேன். நான்கு வகையிலும் மாறாமல் இருக்கும் 14 பெப்டைடுகளை (புரதத்தின் சிறு துண்டுகளை)த் தேர்ந்தெடுத்து, இணைப்பிகளால் கோத்து, நோய் எதிர்ப்புச் செல்களில் இருக்கும் டிஎல்ஆர்4 ஏற்பியோடு டாக்கிங் செய்தேன், அதாவது இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று கணினியில் கணித்தேன். கிளஸ்ப்ரோ என்ற டாக்கிங் மென்பொருள் தந்த மதிப்பு மைனஸ் 1,180. 300 கெல்வினில் 100 நானோ நொடி சிமுலேஷன் ஓட்டியதில் நிலையாகவே இருக்கிறது. 500 நானோ நொடி ஓட்டச் சொல்கிறார் வழிகாட்டி. அது அவசியமா? பட்டியலை இணைத்திருக்கிறேன்.

ம.

அன்புள்ள ம.,

பட்டியலை வரி வரியாகப் பார்த்தேன். உழைப்பு தெரிகிறது. வைரஸ் பெருகும்போது செல்லுக்குள் உருவாகும் என்எஸ்3 புரதத்திலிருந்து எடுத்த ஐந்தும் நல்ல தேர்வு. 2015-இல் முதலில் உரிமம் பெற்ற டெங்குத் தடுப்பூசியான டெங்வாக்சியா, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி வைரஸின் மேல் கட்டப்பட்டது. டெங்குவின் என்எஸ்3 அதில் கிடையாது. கொல்லும் டி செல்கள் குறிவைக்கும் இடங்களில் பல அந்தப் புரதத்தில்தான் இருக்கின்றன. இணைப்பி ஏஏஒய்யா, ஜிபிஜிபிஜியா என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அது இப்போது கிடக்கட்டும்.

என்னைத் தூக்கிவாரிப் போட்டது ஏழாவது பெப்டைடு. வைரஸின் மேலே போர்த்தியிருக்கும் உறைப்புரதத்தின் 98 முதல் 110 வரையான அமினோ அமிலங்கள். அது இணைவு வளையம் என்று தெரியாமலா சேர்த்தீர்கள்? வைரஸ் செல்லின் சவ்வுக்குள் குத்தி நுழையும் முனை அது. அதை மாற்றிக்கொண்டால் வைரஸால் நுழைய முடியாது. அதனால்தான் நான்கு வகையிலும், ஜிகாவிலும்கூட, மாறாமல் இருக்கிறது. 'மாறாதவற்றை மட்டும் எடு' என்று சல்லடை போட்டால் முதலில் தங்குவது அதுவாகத்தான் இருக்கும். அதற்கு எதிராக உருவாகும் எதிர்ப்பொருள்கள் எல்லா வகையையும் பிடிக்கும், எதையும் சரியாக முடக்காது. அரைகுறையாகப் பிடிபட்ட வைரஸ், எதிர்ப்பொருளின் வாலைப் பற்றும் எஃப்சி ஏற்பி வழியாக மோனோசைட் என்ற வெள்ளையணுவுக்குள் சவாரி போகும், அங்கே பெருகும். இந்த ஆபத்து ஏட்டோடு நிற்பதல்ல. 2016-இல் பிலிப்பைன்சில் பள்ளிக் குழந்தைகளுக்கு டெங்வாக்சியா போட ஆரம்பித்தார்கள். முன்பு டெங்கு வராதவர்களுக்குப் பின்னால் தொற்றினால் நோய் கடுமையாகலாம் என்று 2017 நவம்பரில் தயாரிப்பு நிறுவனமே அறிவித்தது, திட்டம் நின்றது. டெங்குவில் எதைக் காட்டுவது என்பதைவிட எதை மறைப்பது என்பதுதான் கணினியிடம் கேட்கவேண்டிய கேள்வி.

மறைப்பது எப்படி என்பதை வைரஸிடமே பார்க்கலாம். முதிர்ந்த துகளின் மேல் 180 உறைப்புரதங்கள் இரண்டிரண்டாகப் படுத்து 90 ஜோடிகளாக இருக்கின்றன. ஒன்றின் இணைவு வளையம் மற்றதன் மடிப்பில் ஒளிந்திருக்கும். 2015-இல் விவரிக்கப்பட்ட வலிமையான எதிர்ப்பொருள்கள் சில, ஜோடியின் இரு புரதங்களையும் சேர்த்துப் பிடிப்பவை. நான்கு வகையையும் முடக்குபவை. அறுத்தெடுத்த பெப்டைடில் அந்த வடிவம் எங்கே வரும்? ஆகவே பி செல் பகுதிக்கு, அதாவது எதிர்ப்பொருளைத் தூண்டும் பகுதிக்கு, பெப்டைடுச் சரத்தைக் கைவிட்டு முழு ஜோடியையே எடுங்கள். சிக்கல் ஒன்று உண்டு: சவ்வில் பதியும் வாலை வெட்டிக் கரைசலில் விட்டால், 37 டிகிரியில் ஜோடி பிரிந்து வளையம் வெளியே தெரிந்துவிடும். 259-ஆவது அலனினைச் சிஸ்டீன் ஆக்கினால் இரண்டுக்கும் நடுவே டைசல்ஃபைடு பூட்டு விழும். இல்லையென்றால் ரோசெட்டா என்ற புரத வடிவமைப்பு மென்பொருளில், இரண்டும் ஒட்டும் இடைமுகத்தின் வெற்றுக் குழிகளைப் பெரிய நீர்வெறுப்பு அமிலங்களால் நிரப்பிப் பாருங்கள். எதிர்ப்பொருள் தொடும் அமிலங்களையும், சர்க்கரை ஒட்டும் 67, 153-ஆவது இடங்களையும் தொடாதீர்கள். ஆய்வகத்தில் சோதனை எளிது: 37 டிகிரியில், ஜோடியைப் பிடிக்கும் சி10 எதிர்ப்பொருள் நன்றாகப் பிடிக்கவேண்டும், இணைவு வளையத்தைப் பிடிக்கும் 4ஜி2 பிடிக்கக் கூடாது.

37 டிகிரி என்றதும் நினைவு வருகிறது: 300 கெல்வின் என்பது 27 டிகிரி. உங்கள் தடுப்பூசி கொசுவின் உடம்பில் நிலையாக இருக்கிறது, மகிழ்ச்சி! டெங்கு-2 வைரஸின் சில வகைகளே 28 டிகிரியில் வழவழப்பாகவும் 37-இல் விரிந்து கரடுமுரடாகவும் ஆகின்றன. 310 கெல்வினில், அதாவது 37 டிகிரியில், ஓட்டுங்கள்.

அந்த மைனஸ் 1,180-ஐ ஆய்வேட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். கிளஸ்ப்ரோவின் எண் பிணைப்பு வலிமை அல்ல. ஒரே மாதிரியான பொருத்தங்கள் எத்தனை சேர்ந்து கொத்தாகின்றன என்று அந்தக் கொத்தின் அளவைப் பார்க்கச் சொல்வது அதை உருவாக்கியவர்களே. பெரிய, பிசுபிசுப்பான புரதம் எதைக் கொடுத்தாலும் பெரிய மைனஸ் வரும். நம்பிக்கை இல்லையென்றால் உங்கள் வரிசையின் அமினோ அமிலங்களைக் கலைத்துப் போட்டு, பத்துப் போலி வரிசைகள் செய்து, ஒவ்வொன்றையும் மாதிரியாக்கி அதே டிஎல்ஆர்4-உடன் டாக் செய்யுங்கள். உங்களுடையது அந்தப் பத்துக்கு நடுவில் விழுந்தால் அந்த அத்தியாயமே வேண்டாம்.

500 நானோ நொடியைக் கேட்டீர்கள் அல்லவா? வேண்டாம். ஜோடி பிரிவதைப் பார்க்க அதுவும் போதாது. வெவ்வேறு தொடக்க வேகங்களில் மூன்று முறை 100 ஓட்டுங்கள். அதற்கு முன் ஏழாவது பெப்டைடை நீக்குங்கள்.