பாதப்புண்ணுக்குப் பட்டுப் புரதப் பட்டை போடலாமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 61. இனிப்பு நீர் (நீரிழிவு) பல வருடமாக இருக்கிறது. வலது கட்டைவிரலுக்குக் கீழே, உள்ளங்காலில் இரண்டு மாதமாக ஆறாத புண். பட்டுப்புழுப் புரதத் தூளும் பட்டையும் இணையத்தில் விற்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: தூள் வேண்டவே வேண்டாம். பட்டையைப் பற்றி யோசிக்குமுன் வேறு வேலை இருக்கிறது.

பட்டு மருத்துவத்துக்குப் புதிதல்ல. தையல் நூலாக நெடுங்காலம் பயன்பட்டு வருகிறது. இழையில் ஏறக்குறைய 70–75 விழுக்காடு ஃபைப்ராயின் என்ற புரதம், மீதி பெரும்பாலும் செரிசின் என்ற பசை. பழைய பட்டுத் தையலில் சிலருக்கு வந்த ஒவ்வாமைக்கு இந்தப் பசையைத்தான் காரணம் சொல்வார்கள். அதனால் ஆய்வுக்கூடத்தில் பட்டுக்கூட்டை நறுக்கி, சோடியம் கார்பனேட் கரைசலில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டுப் பசையை நீக்குகிறார்கள். மிஞ்சும் இழையை 60 டிகிரி செல்சியஸில் லித்தியம் புரோமைடில் கரைத்து, அந்த உப்பு போக, சவ்வுப் பையில் ஊற்றி இரண்டு நாளாவது தண்ணீரை மாற்றி மாற்றி வைக்கிறார்கள். இதை உலர்த்தினால் கிடைக்கும் ஏடு ஈரம் பட்டதும் கரையும். நீராவியோ மெத்தனாலோ காட்டி உள்ளே படிகம் கட்டவைத்தால்தான் நிலைக்கும். படிகம் குறைந்தால் கூழாகும், கூடினால் முறியும். இத்தனையும் தாண்டி, கிருமி நீக்கிய பட்டை புண்ணை ஈரமாக வைக்கும், செல்கள் பற்றி வளர இடம் தரும். அழகுசாதனத் தூளுக்கு இந்தப் பக்குவமும் கிடையாது, கிருமி நீக்கமும் கிடையாது.

சரி, நல்ல பட்டையே கிடைத்தாலும்? ஒவ்வோர் அடிக்கும் அம்மாவின் எடை அந்தப் புண்மேல்தான் இறங்குகிறது. இனிப்பு நீரால் கால் மரத்திருந்தால் அவருக்கு வலி தெரியாது. முழங்கால்வரை போடும் மாவுக்கட்டோ அதற்கான காலணியோதான் முதல் சிகிச்சை. சாமி அறைக்குப் போகும்போதுகூட வெறுங்கால் கூடாது. அம்மாக்கள் இதில்தான் பிடிவாதம் பிடிப்பார்கள்.

அடுத்தது இரத்த ஓட்டம். கணுக்கால்–கை இரத்த அழுத்த விகிதம் 0.9க்குக் கீழே இருந்தால் கால் இரத்தநாளத்தில் அடைப்பு. இனிப்பு நீர்க்காரர்களுக்கு நாளம் சுண்ணாம்பேறி இந்த எண் பொய்யாக உயர்வதுண்டு. கால்விரலின் இரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அது 30 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே என்றால் இரத்தநாள நிபுணரை உடனே பார்க்க வேண்டும். புண்ணுக்கு இரண்டு மாதமாகிவிட்டதால் எலும்புவரை கிருமி போயிருக்கிறதா என்று எக்ஸ்ரேயும் எடுக்க வேண்டும். இதையெல்லாம் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார மருந்தகத்தில்) கேட்டால், தேவைப்படுவதற்கு மருத்துவமனைக்குக் கடிதம் தருவார்கள்.

வீட்டில் சலைனால் கழுவினால் போதும். மஞ்சள் வேண்டாம், வாளியில் காலை ஊறவைக்கவும் வேண்டாம். வாரம் ஒருமுறை நீளம், அகலம் அளந்து எழுதுங்கள். இவ்வளவும் செய்து நான்கு வாரத்தில் பரப்பு பாதியாகக் குறையாவிட்டால், அப்போது புதுவகைப் பட்டைகளைப் பற்றி மருத்துவரிடம் பேசலாம். வாங்குமுன் மலேசிய மருத்துவச் சாதன ஆணையத்தின் பதிவெண்ணைக் கேளுங்கள். 2012ஆம் ஆண்டுச் சட்டம் 737இன்படி அது இருக்க வேண்டும்.

புண்ணைச் சுற்றிச் சிவப்பு 2 செ.மீ.க்கு மேல் பரவினாலோ, நாற்றம், கறுப்பு, காய்ச்சல் எது வந்தாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.