டார்க்ரூம் கெமிக்கல்: லூஸில் வாங்கலாமா?

கேள்வி: அப்பாவின் பழைய ஃபிலிம் கேமராவைப் பயன்படுத்தத் தொடங்கியிருக்கிறேன். வீட்டில் புழங்காமல் கிடக்கும் குளியலறையை டார்க்ரூம் ஆக்கி, கறுப்பு வெள்ளை ஃபிலிம் கழுவி பிரிண்டும் போட ஆசை. கெமிக்கல் கடையில் டெவலப்பர் பொடிகள், ஹைப்போ, ஆசிட் எல்லாம் லூஸில் மலிவாகக் கிடைக்கின்றன. சீல் பாக்கெட் விலை கையைக் கடிக்கிறது. எதை வாங்கலாம்? வீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருக்கிறது.
- வாசகர், மதுரை

பதில்: ஃபிலிமிலும் பேப்பரிலும் படத்தைத் தோன்ற வைக்கும் டெவலப்பரில் மட்டும் காசை மிச்சம் பிடிக்காதீர்கள். டி-76 போன்ற டெவலப்பர்களில் மெட்டால், ஹைட்ரோகுவினோன் என்ற இரண்டு கெமிக்கல்கள் இருக்கின்றன. மெட்டால் சிலருக்குத் தோல் ஒவ்வாமை தரும். ஒருமுறை வந்துவிட்டால் அப்புறம் துளி பட்டாலும் விரலிடுக்கில் அரிப்பும் வெடிப்பும்தான். பெயரும் பேட்ச் எண்ணும் இல்லாத பாலிதீன் பையில் இருப்பது என்னவென்று உறுதியாகச் சொல்ல யாருமில்லை. சீல் பாக்கெட்டையே வாங்குங்கள். பில்லும் கேளுங்கள், தகராறு என்றால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்ய அதுதான் கைகொடுக்கும்.

பொடியைக் கரைக்கும்போதுதான் தூள் பறந்து மூக்கில் ஏறும். என்95 மாஸ்க், கண்ணாடி, நைட்ரைல் கையுறை மூன்றும் அவசியம். சமையலறைப் பாத்திரம் எதையும் தொடவே வேண்டாம்.

படத்தை நிலைக்க வைக்கும் ஃபிக்சருக்கான ஹைப்போவை லேபிள் ஒட்டிய லேப் கெமிக்கலாகத் தனியே வாங்கலாம், மலிவுதான். ஆனால் ‘சோடியம் தயோசல்ஃபேட்’ என்று முழுப்பெயர் சொல்லிக் கேளுங்கள். வெறும் ஹைப்போ என்றால் ஆஸ்பத்திரிகளில் கிருமிநாசினியாகப் புழங்கும் சோடியம் ஹைப்போகுளோரைட்டை எடுத்துக் கொடுத்துவிடக்கூடும். அதோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. பிளீச்சிங் பவுடரையும் அந்த அறையிலிருந்து அப்புறப்படுத்திவிடுங்கள்.

டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத் கரைசலுக்கு, கிளேசியல் (தண்ணீர் கலக்காத) அசிட்டிக் ஆசிட் வேண்டவே வேண்டாம். தோலையும் கண்ணையும் புண்ணாக்கும் அந்த ஆசிட் செய்யும் வேலையை, லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) செய்துவிடும். ஃபிலிமுக்கு வெறும் தண்ணீரில் அலசினாலே போதும்.

ஸ்டாப் பாத் ஆசிட் ஃபிக்சர் தட்டில் கலக்கக் கலக்க, மூக்கைக் குத்தும் சல்ஃபர் டை ஆக்சைடு நெடி வரும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகவே ஆகாது. எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லாத குளியலறையில் பிரிண்ட் போடாதீர்கள். ஃபேன் உங்கள் தலைக்கு மேலே இல்லாமல் தட்டுகளுக்குப் பின்னால் இருக்கட்டும். அப்போதுதான் நெடி முகத்துக்கு வராது.

பயன்படுத்திய ஃபிக்சரில் வெள்ளி கரைந்திருக்கும். செப்டிக் டேங்கிலோ தோட்டத்திலோ ஊற்றாமல் கேனில் சேர்த்து, எக்ஸ்ரே ஃபிலிமிலிருந்து வெள்ளி பிரிக்கிறவர்களிடம் கொடுங்கள்.

குழந்தை விஷயம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். கரைத்த ஃபிக்சர் பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும். கூல்டிரிங்ஸ் பாட்டிலில் எதையும் ஊற்றி வைக்கவே கூடாது. பெயரும் தேதியும் எழுதி, பூட்டிய அலமாரியில் வையுங்கள். தப்பித்தவறிக் குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், லேபிளோடு அந்தப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.