கவிதையும் ஓவியமும் ஒரே தாளில்

கேள்வி: ஓவியர் நண்பரோடு சேர்ந்து கவிதை நூல் ஒன்று செய்கிறேன். பாடப்புத்தகம்போல மேலே கவிதை, கீழே அதற்கான படம் என்றே வந்து நிற்கிறது. மரபை உடைத்துப் புதுமை செய்த அவாங்கார்ட் கவிஞர்கள் ஓவியர்களோடு எப்படி வேலை செய்தார்கள்?

பதில்: கவிதையை முடித்துக் கையில் கொடுத்தால் ஓவியர் அதிலுள்ள பெயர்ச்சொற்களைத்தான் வரைவார். சிக்கல் அங்கேதான்.

1913இல் பாரிஸில் கவிஞர் பிளேஸ் சாந்த்ராரும் ஓவியர் சோனியா தெலோனேயும் கொண்டுவந்த சைபீரிய ரயில் கவிதையைத் தேடிப் பாருங்கள். தாள்களை ஒட்டி மடித்தது. விரித்தால் ஏறக்குறைய 2 மீட்டர். வலப்பக்கம் கவிதை, இடப்பக்கம் மேலிருந்து கீழே வழியும் வண்ணங்கள். ரயிலை வரையவே இல்லை! அடையாளம் தெரிகிற உருவம் அடியில்தான்: கவிதை பாரிஸில் வந்து முடிகிற இடத்தில் குட்டியாய் ஒரு ஈஃபில் கோபுரம். எழுத்துரு அடிக்கடி மாறுகிறது, வரிகளுக்கு நடுவிலும் நிறம் புகுந்துவிடுகிறது. 150 பிரதிகளை நீளவாக்கில் வைத்தால் கோபுரத்தின் உயரம் வரும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள், விளம்பரமும் தெரிந்தவர்கள்.

நீங்கள் 15, 20 வரிக் கவிதையோடு தொடங்குங்கள். ஓவியரிடம் பிரதியைக் கொடுக்காதீர்கள், வாசித்துக் காட்டுங்கள். வேகம் கூடுவதையும் மூச்சு நிற்பதையும் மட்டும் அவர் நிறத்தில் குறிக்கட்டும். எந்த வரி எங்கே என்பதை அந்த வரைவைப் பார்த்தபின் இருவரும் சேர்ந்து முடிவுசெய்யுங்கள். தேவைப்பட்டால் ஒரு வரியை வெட்டவும் தயாராக இருங்கள். கவிஞர்கள் முரண்டு பிடிப்பது பெரும்பாலும் இங்கேதான்.

எழுத்தை முதலில் அச்சிட்டு, நிறத்தைப் பிறகு ஏற்றுங்கள். ஈரம்பட்டு நெளிந்த தாளில் அச்சு சீராக விழாது. தெலோனே செய்ததுபோல ஸ்டென்சில் வைத்துப் பூசலாம். கெட்டியான கோவாஷ் (ஒளி ஊடுருவாத நீர்வண்ணம்) நிறம், குட்டை முடிப் பிரஷ். கழிவுத்தாளில் ஒற்றிவிட்டு, பிரஷைச் செங்குத்தாகப் பிடித்துக் குத்திக் குத்தி ஏற்றுங்கள். தண்ணீர் கூடினால் நிறம் ஸ்டென்சிலுக்கு அடியில் கசிந்து விளிம்பு கெடும்.

நிறத்துக்குச் செலவிட முடியாதென்றால் ரஷ்யக் கவிஞர் மயகோவ்ஸ்கியின் கவிதைகளுக்கு 1923இல் ஓவியர் எல் லிஸிட்ஸ்கி வடிவமைத்த நூலே வழிகாட்டி. அச்சகத்தில் கிடைத்த எழுத்துகளும் கோடுகளும், சிவப்பு, கறுப்பு என இரண்டே மை. சத்தமாக வாசிப்பதற்கான நூல் என்பதால், வேண்டிய கவிதையைச் சட்டெனத் திறக்க ஓரத்தில் படிப்படியாக வெட்டிய குறிகள்.

மடிப்பு நூலே செய்வதென்றால் தாளை இரு திசையிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எளிதாக வளைகிற திசையில் மடியுங்கள். மாற்றி மடித்தால் மடிப்பு வெடித்து, அதன்மேல் உள்ள நிறம் உதிரும்.