மழைமானிக் கோப்பு பைதானில் சரியாக வருகிறது, சி நிரலில் ஏன் தவறாகிறது?

ஏற்காட்டுக் காபித் தோட்டத்தில் உள்ள மழைமானியின் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த மதிப்புகள்) கோப்பைப் பைதான் ஒழுங்காகப் படிக்கிறது, சேலத்தில் உங்கள் லினக்ஸ் கணினியில் ஓடும் சி நிரலிலோ கடைசி நெடுவரிசையின் ‘ஓகே’ எதனுடனும் பொருந்தவில்லை, ஒரு நாள் மழைகூடக் கணக்கில் ஏறவில்லை என்கிறீர்கள்.

கோப்பு கெடவில்லை. வரி முடிவுதான் காரணம். அந்தக் கருவி விண்டோஸ் முறையில் 13 (வரித் தொடக்கத்துக்குத் திரும்பு), 10 (அடுத்த வரிக்குப் போ) என்று இரண்டு பைட் போட்டு வரியை முடிக்கிறது. யூனிக்ஸ் வழியில் 10 மட்டும்தான். மேக் ஓஎஸ் 9 வரை 13 மட்டும். பைதான் 3 டெக்ஸ்ட் மோடில் திறந்தால் இந்த மூன்றையுமே 10 ஆக்கித் தந்துவிடும். சி விண்டோஸில் 13-ஐ நீக்கும், லினக்ஸில் அப்படியே விட்டுவிடும். உங்கள் ‘ஓகே’யின் வாலில் அந்த 13 ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்தச் சொல்லைச் சதுர அடைப்புக்குள் போட்டுத் திரையில் அச்சிட்டுப் பாருங்கள். [ஓகே] என்பதற்குப் பதில் ]ஓகே என்று வரும். 13 கர்சரை வரியின் தொடக்கத்துக்குத் தள்ள, மூடும் அடைப்பு திறக்கும் அடைப்பின் மேல் விழுகிறது.

படிக்கும்போது வரிக் கடைசியில் 10, 13 எது இருந்தாலும் வெட்டிவிடுங்கள். பெர்ல் மொழியில் வரி முடிவை வெட்டும் சாம்ப் செயலும் இயல்பாக 10-ஐ மட்டுமே எடுக்கும். ஜாவா, ஆர் ஆகிய இரண்டு மொழிகளிலும் ரீட்லைன் வகைச் செயல்கள் மூன்று முறையையும் ஏற்கும்.

எழுதும்போதுதான் அதிகக் கவனம் வேண்டும். வரி முடிவையும் கோப்பின் வடிவமைப்பில் ஒரு பகுதியாகவே நினைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 10 என்று முடிவு செய்து, கோப்போடு வைக்கும் விளக்கத்தில் எழுதிவிடுங்கள். விண்டோஸில் சி என்றால் பைட்டுகளை மாற்றாமல் எழுதும் பைனரி மோடில் திறந்து எழுதுங்கள். பைதானின் சிஎஸ்வி ரைட்டர் லினக்ஸிலும் 13, 10 தான் போடும், வரி முடிவைக் குறிக்கும் லைன்டெர்மினேட்டரை நீங்களே மாற்ற வேண்டும்.

நிமிடத்துக்கு ஒரு வரி என்றால் நாளைக்கு 1440 வரி. வரி முடிவு மாறினால் 1440 பைட் கூடும் அல்லது குறையும். கோப்பு மாறியதா என்று சரிபார்க்கும் செக்சம் எண் பொருந்தாது, பைட் இடத்தை வைத்துத் தேடும் அட்டவணையும் பிசகும். கோப்புகளின் பதிப்புகளைக் காக்கும் கிட் மென்பொருளில், வரி முடிவை மாற்றும் ஆட்டோசிஆர்எல்எஃப் அமைப்பு இதைத் தானாகவே செய்துவிடக்கூடும், அதனால் தரவுக் கோப்புகளுக்கு அந்த மாற்றத்தை நிறுத்திவிடுங்கள். வானியலாளர்களின் ஃபிட்ஸ் வடிவத்தில் இந்தத் தொல்லையே இல்லை: தலைப்புப் பகுதியில் ஒவ்வொரு பதிவும் சரியாக 80 எழுத்து, வரி முடிவே கிடையாது.

அப்புறம், கடைசி வரிக்கும் 10 போட்டு முடியுங்கள். இல்லாவிட்டால் ஷெல்லில் (லினக்ஸின் கட்டளை வரியில்) வரிவரியாகப் படிக்கும் ரீட் கட்டளையை வைத்துச் சுற்றும் சாதாரண லூப், அன்றைய கடைசி அளவைக் கணக்கில் எடுக்காமலே நின்றுவிடும்.